துடுப்பில் காது வைத்தவர்: அனிமேஷனுக்கு எந்தக் கோடெக்?

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணி ஒன்று நிற்கிறது. பௌர்ணமி இரவு. முதியவர் துடுப்பை வாவிக்குள் இறக்கி, அதன் மேல்நுனியில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்கிறார். முன்பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் வரைந்த எட்டு நிமிடப் படத்தில் இந்தக் காட்சி பன்னிரண்டு நொடி. கோடெக் என்பது காணொளியைச் சுருக்கி, மறுபடி விரிக்கும் முறை. எந்தக் கோடெக்கைச் சோதித்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இருண்ட வானம், மெல்லிய கறுப்புக் கோடு, முதியவர் உடுத்த சாரத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு இழை. கையால் வரைந்த படம் கெட்டுப்போகும் மூன்று இடங்களும் இதற்குள் இருக்கின்றன.

அனிமேஷனைச் சுருக்குவது சுலபம் என்ற பேச்சு பாதிதான் உண்மை. நொடிக்கு 12 ஓவியம் வரைந்து, ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துகிறோம். மாறாத ஃபிரேமுக்கு, சுருக்கும் மென்பொருளான என்கோடர் ஏறக்குறைய எதையும் செலவழிப்பதில்லை. அந்த மிச்சத்தில் மயங்கித் தரத்தைக் குறைத்தால் அடி விழுவது கோட்டில். கேமராவில் எடுத்த படத்தில் மணலும் இலையும் பிழையை மறைத்துக்கொள்ளும். தட்டையான நிறத்தில் எதுவும் மறையாது; துடுப்பைச் சுற்றி மாவு தெளித்ததுபோல் பொடி நிற்கும்.

2003இல் வந்த எச்.264 கோடெக்கின் பலம் ஒன்றுதான், ஆனால் பெரிய பலம்: பழைய கைத்தொலைபேசியானாலும் பென் டிரைவ் செருகும் தொலைக்காட்சியானாலும் ஓடும். அதற்கான எக்ஸ்264 என்கோடரில் அனிமேஷனுக்கென்றே ஒரு டியூன், அதாவது தயார் அமைப்பு, உண்டு. அது முன்னும் பின்னும் உள்ள படங்களைக் கொண்டு நிரப்பப்படும் பி ஃபிரேம்களையும், ஒப்பிட்டுப் பார்க்கும் (ரெஃபரன்ஸ்) ஃபிரேம்களையும் கூட்டுகிறது; படத்தைப் பிரித்துச் சுருக்கும் கட்டங்களின் விளிம்பை மழுப்பும் வடிகட்டியைச் சற்று வலுவாக்குகிறது; திரைப்பட மணிகளைக் காப்பாற்றுவதற்கான அமைப்பைத் தணிக்கிறது. கோடு உடனே துப்புரவாகிவிடும். ஆனால் தட்டையான பகுதிகளுக்குப் பிட் ஒதுக்கும் ஏக்யூ வலுவையும் அதே டியூன் 0.6 ஆகக் குறைத்துவிடுகிறது. பகல் காட்சிக்கு அது பொருந்தும். எங்கள் இரவு வானத்துக்குப் பொருந்தவில்லை. அதனால் டியூனை வைத்துக்கொண்டே ஏக்யூ வலுவை 1க்கு ஏற்றி, இருண்ட பகுதிகளுக்குச் சாதகமான மூன்றாம் முறையைத் தேர்ந்தேன். தரத்துக்கான சிஆர்எஃப் எண் இயல்பாக 23; எண் குறையத் தரம் கூடும். நான் 18 வைத்தேன்.

அப்படியும் வானத்தில் படிகள் தெரிந்தன. காரணம் எளிய கணக்கு. மேலே கருநீலம், கீழே கொஞ்சம் வெளிறிய நீலம். இரண்டுக்கும் நடுவே 8 பிட்டில் (ஒரு நிறத்துக்கு மொத்தம் 256 நிலை) எங்களுக்குக் கிடைத்தது சுமார் 30 நிலைகள். 1080 வரிகளை முப்பதால் வகுத்தால் ஒரு படி 36 வரி உயரம். அதைக் கண் பிடித்துவிடும். 10 பிட்டில் அதே இடைவெளிக்கு 120 நிலைகள், படி ஒன்பது வரியாகச் சுருங்கும். எச்.264இலும் 10 பிட் உண்டு. ஆனால் பெரும்பாலான கருவிகளின் சில்லு அதை வாசிப்பதில்லை. எங்கும் ஓடும் என்ற பலம் அத்துடன் போய்விடும். ஆகவே 8 பிட்டிலேயே நின்று, வானத்தின்மேல் மட்டும் மிக நுண்ணிய மணல் அமைப்பைத் தூவினோம். கோப்பு பருத்தது, படிகள் கலைந்தன.

2013இல் வந்த எச்.265, 16 பிக்சல் கட்டத்துக்குப் பதில் 64 பிக்சல் வரையான கட்டத்தை எடுத்துக்கொள்கிறது. விரிந்த வானத்துக்கு இது நல்ல மிச்சம். 10 பிட்டையும் புதிய தொலைக்காட்சிகளின் சில்லே வாசிக்கிறது. தூய தரத்தை மட்டும் பார்த்தால் எச்.264ஐத் தாண்டிவிடுகிறது. எனக்கு ஒத்துவராதது அதன் எஸ்ஏஓ வடிகட்டி: குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்குச் செலவிடும் தரவு குறைவாக இருக்கும்போது) மெல்லிய கோட்டைக் கரைத்துவிடும், அணைத்துவிட்டுத்தான் பயன்படுத்தினேன். காப்புரிமைக் கட்டணம் பல குழுக்களிடம் சிதறிக் கிடப்பதால் உலாவிகளிலும் எங்கும் ஒன்றுபோல் ஓடுவதில்லை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு முன்பள்ளிக்கு இந்தக் கோப்பைத்தான் முதலில் கொண்டுபோனேன். பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, திரை கறுப்பாகவே இருந்தது. அன்று ஆசிரியை கதையை வாயால் சொல்லி முடித்தார். அதற்குப் பிறகு கைக்குக் கை போகும் கோப்பு எதையும் எச்.265இல் நான் செய்வதில்லை.

கூகுளின் விபி9 கோடெக் இணையத்துக்கு நல்லது. அந்த இடத்தை இப்போது ஏவி1 எடுத்துக்கொள்கிறது.

ஏவி1 2018இல் வெளியானது, உரிமக் கட்டணம் கேட்காமல். அதன் அடிப்படை நிலையிலேயே 10 பிட் அடங்கியிருப்பதால் ஏவி1 வாசிக்கும் எந்தச் சில்லும் அதை வாசித்தாக வேண்டும். சிடிஇஎஃப் என்ற வடிகட்டி, கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டு, அந்தத் திசையிலேயே பொடியைத் துடைக்கிறது. சாய்ந்து நிற்கும் துடுப்பில் வித்தியாசத்தை வெறுங்கண்ணால் பார்த்தேன்: கோடு கோடாக நின்றது, சுற்றி வானம் தெளிந்திருந்தது. எங்கள் படத்தை இணையத்தில் ஏற்ற இதுவே என் முதல் தேர்வு. குறை நேரம். எஸ்விடி ஏவி1 என்கோடரில் மெதுவான முன்னமைப்பு 4ஐ வைத்தால் என் பழைய மடிக்கணினி இரவு முழுக்க இரைகிறது. சில்லு வசதியில்லாத கைத்தொலைபேசிகளில் ஓடினாலும் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

சிவப்பு இழையை மூன்று கோடெக்கும் ஒரேபோல் கெடுத்தன. வழக்கமான 4:2:0 முறையில் 1920க்கு 1080 படத்தின் நிறம் 960க்கு 540 அளவில்தான் சேமிக்கப்படுகிறது. ஒரு பிக்சல் சிவப்பு பக்கத்து நீலத்தோடு கலந்து மங்கிவிடுகிறது. அதைச் சரிசெய்ய ஓவியத்துக்குத்தான் திரும்பினோம்: இழையை மூன்று பிக்சலாக்கி, உள்ளே வெளிச்சத்தைச் சற்று உயர்த்தினோம்.

மூலப்பிரதிக்கு இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். சுருக்காமல் வைத்தால் நொடிக்கு ஏறக்குறைய 149 மெகாபைட், எட்டு நிமிடத்துக்கு 70 ஜிகாபைட்டைத் தாண்டும். ஆப்பிளின் புரோரெஸ் 4444 கோடெக் வசதியானது, ஆனால் சிறிதளவு இழப்பு உண்டு. எஃப்எஃப்வி1 ஒரு பிக்சலையும் இழக்காது, நிறத்தைப் பாதியாக்காது. துண்டுக்குத் துண்டு சரிபார்ப்பு எண் வைப்பதால் வட்டு கெட்டால் எந்த இடம் கெட்டது என்று சொல்லிவிடும். அதன் ஒரு பிரதி கல்லடியில் என் மேசையில் இருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் ஏறிய கரை இது. மற்றப் பிரதியை வாவிக்கு அக்கரையில், அந்த முன்பள்ளி ஆசிரியையின் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.