பின்பால் பிளேஃபீல்டு: பெயின்ட்டா, ஹார்ட்டாப்பா, புதுப் பலகையா?

பாலி கம்பெனியின் எய்ட் பால் என்ற பின்பால் மெஷின், 1977-ல் வந்தது, 20,000-க்கும் மேல் விற்றது. அதனால் மெஷின் கிடைப்பது பெரிய விஷயமில்லை, நல்ல பிளேஃபீல்டோடு, அதாவது குண்டு உருளும் படம் போட்ட பலகையோடு, கிடைப்பதுதான் பெரிய விஷயம். 80 கிராம் எஃகுக் குண்டு வருடக்கணக்கில் உருண்டு, அந்தக் காலத்து மெல்லிய லாக்கர் பூச்சையும் அதற்கடியில் இருக்கும் பெயின்ட்டையும் தின்றுவிட்டு பிளைவுட்டைக் காட்டியிருக்கும்.

முதல் வழி, இருக்கிற பலகையையே தேற்றுவது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெலமைன் ஸ்பாஞ்சும் வைத்து மெதுவாக அழுக்கெடுத்து, அக்ரிலிக் பெயின்ட்டால் நிறம் சேர்த்து, மேலே கார்களுக்கு அடிக்கும் டூ-பார்ட் கிளியர்கோட், அதாவது இரண்டு திரவம் கலந்து அடிக்கும் நிறமில்லாப் பூச்சு. தேய்ந்தது ஒரே நிறமுள்ள பரப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். முகம், மெல்லிய கறுப்புக் கோடு, எழுத்து எல்லாம் போயிருந்தால் கை நடுங்கும். இதில் பலர் அவசரப்படுவது இன்சர்ட்டில். விளக்கு வெளிச்சம் வருகிற அந்த பிளாஸ்டிக் துண்டுகள் பழைய மெஷினில் அமுங்கியோ குழிந்தோ இருக்கும், அதைக் கழற்றி எபாக்ஸி போட்டு ஒட்டி மட்டம் செய்யாமல் கிளியர் அடித்தால் குண்டு அதன் மேல் போகும்போதெல்லாம் திசை மாறும். அப்புறம், அந்த கிளியர்கோட்டில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. சாதாரண முகக்கவசம் போதவே போதாது, கார் பெயின்ட் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குங்கள்.

இரண்டாவது ஹார்ட்டாப். பின்பக்கம் படம் அச்சடித்த கெட்டியான பிளாஸ்டிக் தகடு, பழைய பலகை மேல் ஒட்டிவிடலாம். கிளியர்கோட் தொல்லை இல்லை, படமும் புத்தம் புதுசு. ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் கிடைக்காது, அடியில் மட்டம் சரியில்லை என்றால் மேலேயும் சரியிருக்காது, அதனால் இன்சர்ட் வேலை இதிலும் தப்பாது. பாதிப் படம் போன பலகைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

புதுப் பலகை அழகுதான், ஜெர்மனியின் மிர்கோ மாதிரி ஆட்கள் செய்கிறார்கள். விலை எகிறும். அதைவிட, பழையதில் இருக்கும் ஒவ்வொரு போஸ்ட், சுவிட்ச், காயில், சாக்கெட்டையும் கழற்றி மாற்ற வேண்டும், ஒயரிங்கோடு. மரம் உளுத்தோ பிளந்தோ போயிருந்தால் மட்டும் இதற்குப் போங்கள்.

சின்ன சாமான்களில் எனக்குக் குழப்பமே இல்லை. காயில் ஸ்லீவ், அதாவது மின்காந்தச் சுருளுக்குள் இருக்கும் குழாய், நைலானில் புதுசு போடுங்கள், சல்லிக்காசு. ரப்பர் வளையமா சிலிக்கானா என்றால் ஃபிளிப்பருக்கு (பட்டனை அழுத்தினால் குண்டை அடிக்கும் கைக்கு) ரப்பர், மற்ற இடத்துக்கு சிலிக்கான்: சிலிக்கான் கரி விடாது, ஆனால் ஃபிளிப்பரில் குண்டு துள்ளுகிற விதம் பழைய ஆட்டம் மாதிரி இல்லை. 44-ஆம் நம்பர் பல்பு 0.25 ஆம்பியர் இழுக்கும், 47 0.15-தான், எல்இடி பிடிக்காதவர்கள் 47 போட்டால் சூட்டில் பிளாஸ்டிக் வளைவது குறையும். குண்டு மட்டும் கட்டாயம் புதுசு. பள்ளம் விழுந்த பழைய குண்டு, புதுசாக அடித்த கிளியர்கோட்டை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.