வீட்டுப் பட்டறைக்கு மும்முனை மின்சாரம்: மனுவா, டிரைவா, கண்டன்சரா, மோட்டாரையே மாற்றுவதா?

மூடிய பட்டறையிலிருந்து, இரும்பைச் சுழற்றிக் கடையும் பழைய லேத் ஒன்றை வாங்கியாகிவிட்டது. இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டு, நான்கு பேர் தள்ளி, வீட்டு ஷெட்டுக்குள் நிறுத்தியாகிவிட்டது. மோட்டாரிலிருந்து மூன்று வயர்கள் தொங்குகின்றன. சுவரில் இருப்பதோ ஒரு ஃபேஸும் ஒரு நியூட்ரலும். கோயம்புத்தூர்ப் பக்கம் இந்த நிலையில் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நானும் ஒருமுறை அப்படி நின்றவன். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் என்று பெயர் வாங்கிய இடத்தில் லேத்துக்கும் மோட்டாருக்கும் பஞ்சமில்லை. அவற்றைச் சுழற்றும் மும்முனை மின்சாரத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதில்தான் குழப்பம்.

ஆளுக்கொரு வழி சொல்வார்கள். மின்வாரியத்தில் மனுக் கொடுங்கள் என்பார் வயர்மேன். சிங்கிள் ஃபேஸ், அதாவது ஒருமுனை மோட்டாரை மாட்டிவிடுங்கள் என்பார் கடைக்காரர். இரண்டு கண்டன்சர் போதும் என்பார் காயில் கட்டுகிறவர். ஏ.சி. டிரைவ் வாங்குங்கள் என்பார் புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞர். நான்கு வழியிலும் மோட்டார் ஓடும். ஆனால் உங்கள் லேத்துக்கு எது சரி என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்வது மோட்டாரின் மேல் அறைந்திருக்கும் தகடு. அதைத் துடைத்துப் படிக்காமல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

தகட்டில் எச்.பி. எவ்வளவு, வோல்ட் எவ்வளவு, இணைப்பு ஸ்டாரா டெல்டாவா என்று பாருங்கள். 2 எச்.பி. வரையிலான நம் நாட்டு மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட், ஸ்டார். அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் 415 வோல்ட், டெல்டா. ஸ்டாரில் மூன்று காயில்களின் ஒரு முனை நடுவில் கூடிவிடுவதால், ஒவ்வொரு காயிலும் 415ஐ 1.732ஆல் வகுத்த அளவை, அதாவது ஏறத்தாழ 240 வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது. டெல்டாவில் மூன்று காயில்களும் முனையோடு முனை சேர்ந்து முக்கோணமாகின்றன. எனவே அதே மோட்டாரை டெல்டாவாக மாற்றிக் கட்டி, மூன்று முனைகளாகக் கொடுத்தால், வீட்டு மின்சாரத்தின் வோல்ட்டிலேயே முழுத் திறனோடு ஓடும். டெல்டாவாகவே பிறந்த மோட்டாரில் ஒவ்வொரு காயிலும் முழு 415ஐக் கேட்கிறது. அதற்கு இந்தச் சலுகை கிடையாது. வயர் பெட்டியைத் திறந்து ஆறு முனைகள் வெளியே வருகின்றனவா என்றும் பாருங்கள். மூன்றுதான் வருகின்றன என்றால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே புதைந்திருக்கிறது. காயில் கட்டுகிறவரிடம் கொடுத்தால் முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுத்துத் தருவார். பழைய வார்னிஷ் இறுகிப்போன மோட்டாரில் இது பொறுமையான வேலை. அவசரப்படுத்தாதீர்கள்.

2 எச்.பி. ஸ்டார் மோட்டார், ஒரே லேத் என்றால் நான் தயங்காமல் சொல்வது டிரைவ். வீட்டின் 230 வோல்ட்டை உள்ளே வாங்கி, அதை நேர்மின்சாரமாக்கி, மறுபடி வெட்டிக் கோத்து மூன்று முனைகளாக வெளியே தருகிறது. வெளியே வருவதும் 230 வோல்ட்தான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'மும்முனை வெளியீடு' என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து, 415 டெல்டா மோட்டாரில் அப்படியே மாட்டிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் காரணம் புரியும். 230 என்பது 415இல் 55 சதவீதம். இழுவிசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், 50 ஹெர்ட்ஸில் முழு வேகத்துக்குப் போகும்போது மோட்டாருக்கு மிஞ்சுவது இழுவிசையில் மூன்றில் ஒரு பங்கு. சுமார் 28 ஹெர்ட்ஸ் வரை, அதாவது பாதி வேகத்தைச் சற்றே தாண்டும் வரை, அது முழு இழுவிசையோடு ஓடும். அதற்கு மேல் வெட்டு கொடுத்தால் திணறி நிற்கும். ஸ்டார் மோட்டாரை டெல்டாவாக மாற்றிக் கட்டியவருக்கு இந்தத் துயரம் இல்லை.

டிரைவ் தரும் சுகம் பெரியது. வேகத்தை ஒரு குமிழால் கூட்டலாம், குறைக்கலாம். மூன்று நான்கு விநாடியில் மெல்ல வேகமெடுக்கும்படி அமைத்துவிட்டால் வீட்டு விளக்கு மங்காது. மரை வெட்டும்போது மெதுவாக ஓட்டி, தண்டு தடிக்கும் தோள்பட்டைக்கு முன்னால் பதறாமல் நிறுத்தலாம். இதற்காகப் பெல்ட்டையும் புல்லியையும் கழற்றி எறிய வேண்டாம். புல்லியில் வேகத்தைப் பாதியாக்கினால் இழுவிசை இரட்டிப்பாகும். டிரைவில் பாதியாக்கினால் இழுவிசை அப்படியே இருக்கும், திறன்தான் பாதியாகும். கனமான வெட்டுக்குப் புல்லி, நுணுக்கமான வேலைக்குக் குமிழ் என்று பழகிக்கொள்வது நல்லது. வெகுநேரம் மிக மெதுவாக ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகச் சுற்றி, சூடு ஏறும். கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

என் முதல் டிரைவ் ஒரே மாதத்தில் போனது. லேத்தில் ஏற்கெனவே இருந்த முன்-பின் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைத்திருந்தேன். ஓடும்போது அதைத் திருப்பினேன். அவ்வளவுதான். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையில் எந்தச் சுவிட்சும் கூடாது. பழைய சுவிட்சின் வயரை டிரைவின் கட்டுப்பாட்டு முனைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். லேத்தின் கைப்பிடி அதே இடத்தில் இருக்கும், செய்யும் வேலை மட்டும் மாறும். வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கு மரையில் திருகிப் பொருந்துகிற பழைய லேத்தாக இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். டிரைவ் சட்டென்று நிறுத்தும்படி அமைத்தால் சக்கு தன் வேகத்திலேயே கழன்று வெளியே வந்துவிடும். அது காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நிற்கும் நேரத்தைத் தாராளமாக வையுங்கள்.

2 எச்.பி. டிரைவ் உள்ளே இழுக்கும் மின்னோட்டம் 15 ஆம்பியர் அளவுக்குப் போகும். ஏற்கெனவே கிரைண்டரும் அயர்ன் பாக்ஸும் தொங்கும் பிளக் பாயிண்டில் செருகாமல், மீட்டர்ப் பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன் இழுங்கள். எர்த் கட்டாயம். இரும்புத் தூள் டிரைவின் காற்று ஓட்டைக்குள் போகாதபடி சுவரில் தள்ளி மாட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்கு உள்ளே ஆபத்தான வோல்ட் தேங்கியிருக்கும். காத்திருக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது.

கண்டன்சர் வழியைச் சொல்பவர்கள் தோட்டத்து அனுபவத்திலிருந்து பேசுகிறார்கள். மும்முனை நேரம் முடிந்து இரண்டு முனை மட்டும் வரும் வேளையில் கண்டன்சர் வைத்து பம்ப்செட் ஓட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். மின்வாரியம் அதை ஏற்பதில்லை என்பது ஒருபுறம். அங்கே இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவில் 415 வோல்ட் கிடைக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். வீட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கிடைப்பது 230. அதே கண்டன்சரை இங்கே போட்டால் 415 டெல்டா மோட்டார் முனகும், சூடேறும், காயில் கருகும். டெல்டாவாக மாற்றிக் கட்டிய சின்ன மோட்டார் ஓடும். ஆனால் திறன் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் அதிகம். சுமை மாறும்போது மின்னோட்டம் ஒரு காயிலில் ஏறி இன்னொன்றில் இறங்கும். டிரில்லிங் மெஷினுக்குப் போகட்டும். லேத்துக்கு வேண்டாம்.

ஒரு பெரிய மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு அதன் மூலம் மூன்றாவது முனையை உண்டாக்கும் சுழல் கன்வர்ட்டரும் உண்டு. அதற்கு 415 வேண்டுமென்றால் முன்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். ஓய்வில்லாத இரைச்சலும் வீண் செலவும் கூடவே வரும். மும்முனைக் கம்பம் எட்டாத இடத்தில், பல மெஷின்களை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியவருக்கு மட்டுமே அது.

மோட்டாரையே மாற்றுவது இருப்பதில் எளிய வழி. பெஞ்ச் டிரில், சாணைக்கல், மரம் அறுக்கும் சின்ன வாள் ஆகியவற்றுக்கு இதைவிட வேறு எதையும் யோசிக்க வேண்டாம். நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும், கண்டன்சர் வைத்த ஒருமுனை மோட்டார் கடையில் உடனே கிடைக்கும். விலையும் அதே திறனுள்ள டிரைவுக்கு அருகில்தான் இருக்கும். குறை லேத்தில் தெரியும். ஒருமுனை மோட்டாரின் இழுவிசை விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது. நுணுக்கமான கடைசி வெட்டில் அந்தத் துடிப்பு உலோகத்தின் மேல் மெல்லிய வரியாக விழும். ஓடும்போது திசையை மாற்ற முடியாது, முழுவதும் நின்ற பிறகே மாற்ற வேண்டும். 2 எச்.பி.க்கு மேல் போனால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் வீடே ஒரு நொடி மங்கும். இருக்கும் மும்முனை மோட்டாரையே ஒருமுனைக்குக் காயில் மாற்றிக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். திறன் குறைந்து, நல்ல மோட்டார் ஒன்று பாழாவதுதான் மிச்சம்.

மின்வாரியத்தின் மும்முனை இணைப்பைக் கண்டு பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் பாதி தேவையற்றது. வீட்டுச் சுமை 4 கிலோவாட்டைத் தாண்டினால் மும்முனைதான் முறை. ஒரு ஏ.சி., வாட்டர் ஹீட்டர், லேத் மூன்றையும் கூட்டிப் பாருங்கள், அந்த எல்லையை எப்போதோ கடந்திருப்பீர்கள். 2022 கட்டண மாற்றத்தில் வீடுகளுக்கான நிலைக்கட்டணம் நீக்கப்பட்டுவிட்டது. எனவே மும்முனைக்கு மாறியதற்காக மாதந்தோறும் தண்டம் கட்டுவது கிடையாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் தொடரும். வளர்ச்சிக் கட்டணமும் வைப்புத்தொகையும் ஒருமுறை கட்டுவது. மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள், 2024 திருத்தத்துக்குப் பிறகு, புது லைன் இழுக்கத் தேவையில்லாத இடங்களில் பெருநகரத்துக்கு 3 நாள், நகராட்சிக்கு 7 நாள், கிராமத்துக்கு 15 நாள் என்று கெடு வைத்திருக்கின்றன.

மனுக் கொடுக்கும் முன் தெருக் கம்பத்தை நிமிர்ந்து பாருங்கள். நான்கு கம்பிகள் ஓடினால் வேலை சுலபம். இரண்டுதான் ஓடுகின்றன என்றால் லைன் நீட்டிப்புச் செலவு உங்கள் தலையில் விழும்; டிரைவை நோக்கித் திரும்ப அதுவே போதுமான காரணம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொந்த உபயோகத்துக்குத் திருப்புளியும் புஷ்ஷும் செய்துகொள்வது வேறு, ஊருக்கு ஜாப் செய்து கூலி வாங்குவது வேறு. கூலி வாங்கும் நாளிலிருந்து அது தொழில். வீட்டு மீட்டரில் தொழில் நடத்தினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கினீர்கள் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் பின்னோக்கிப் போகலாம். குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கென்றே தனிக் கட்டண வகை இருக்கிறது. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, செய்யப்போகும் வேலையை உள்ளபடி சொல்லித் தனி இணைப்பாகவே கேளுங்கள். டிரைவ் வைத்திருப்பவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

மும்முனை வந்தபின் ஆபத்தின் முகமும் மாறுகிறது. ஒரு பியூஸ் போனால் லேத் நின்றுவிடாது. இரண்டு முனையில் முக்கிக்கொண்டே ஓடி, காயிலைக் கருக்கிவிடும். ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டரை ஸ்டார்டரில் வைப்பது மோட்டாருக்குக் காப்பீடு செய்வது போன்றது. இதைவிடக் கொடியது நியூட்ரல் கழல்வது. அப்போது டி.வி.யும் ஃபிரிட்ஜும் 230க்குப் பதிலாக 400ஐத் தொடும் வோல்ட்டை வாங்கி ஒரே நொடியில் போய்விடும். எனவே பலகை மாற்றும் நாளில் வயர்மேன் அருகிலேயே நின்று, நியூட்ரல் முனையின் ஒவ்வொரு திருகும் இறுகியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். வீட்டு விளக்கையும் விசிறியையும் மூன்று முனைகளுக்கும் சமமாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

என் ஷெட்டில் லேத் மட்டும் இருந்த ஆறு ஆண்டும் டிரைவ்தான் ஓடியது. இரண்டாவது டிரைவ் இன்றும் ஆரோக்கியமாக இருக்கிறது. 5 எச்.பி. டெல்டா மோட்டாரோடு ஒரு மில்லிங் மெஷின் வந்தபோது மனுக் கொடுத்தேன். மும்முனை வந்தபிறகும் லேத்தை நேராக அதில் மாட்டவில்லை. அந்த வேகக் குமிழை விட மனம் வரவில்லை. டிரைவை ஒரு முனையிலேயே ஓடவிட்டு, அந்த முனையில் வீட்டுச் சுமையைக் குறைத்துவைத்திருக்கிறேன்.