பைப் புகையிலைக்கு வெயிலா, நிழலா, மைக்ரோவேவா?

டப்பாவைத் திறந்த கையோடு பைப்பில் அடைக்கிறவர்கள்தான் "நாக்கு பொசுங்குது" என்று புலம்புவார்கள். உதிர்ந்து பொடியாகாமல் இருக்கப் புகையிலையை ஈரத்தோடுதான் அடைத்து அனுப்புகிறார்கள். பெரும்பாலும் 18, 20 சதவீதம் இருக்கும். பிடிக்கத் தோது 13 சதவீதம் வாக்கில். மிச்ச ஈரம் ஆவியாகி நாக்கைச் சுடும், குழலில் தண்ணீர் கொடகொடக்கும், அடியில் எரியாத கசடு தங்கும்.

முதலில் வெயிலை நம்பினேன். அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, காங்கயத்தில் கொப்பரைக் களத்திலேயே காலம் தள்ளியது. மொட்டைமாடியில் நான் புகையிலை பரப்பியதைப் பார்த்து முகம் சுளித்து, "ஏங்கண்ணு, அதென்ன கொப்பரையா? வாசமெல்லாம் போயிருமில்ல" என்றது. போயேவிட்டது. மேலே சருகு, உள்ளே ஈரம். கொப்பரை 6 சதவீதத்துக்கு இறங்கியாக வேண்டும். புகையிலையைப் பாதி வழியிலேயே நிறுத்த வேண்டும். வெயிலுக்கு அந்தப் பதம் தெரியாது.

மைக்ரோவேவ், பத்துப் பத்து நொடியாக வைத்தால், அவசரத்துக்கு ஆகும். மறுநாள் காலை அதில் சுட வைத்த பாலில் புகையிலையின் செர்ரி வாசம் வந்தது. அத்தோடு வீட்டில் தடை.

என் ஓட்டு நிழலுக்கு. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வெள்ளைத்தாளில் பரப்புங்கள். மெல்லிய நறுக்குக்கு இருபது நிமிடம் போதும். பட்டையாக அழுத்தியது என்றால் உதிர்த்துவிட்டு ஒரு மணி நேரம் விடணும். ஒரு சிட்டிகையை அழுத்திவிட்டுக் கையை விரியுங்கள். உருண்டையாகவே கிடந்தால் ஈரம், மெதுவாகப் பிரிந்தால் பதம், நொறுங்கினால் கைமீறிவிட்டது. வாசனை ஏற்றிய சரக்கில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும். அதில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தைக் கலப்பதால் எவ்வளவு காய்ந்தாலும் கைக்குப் பிசுக்கென்றே இருக்கும். கடிகாரத்தைப் பார்த்து எடுத்துவிட வேண்டியதுதான்.

நிழலிலும் ஒரு வம்பு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காத்தில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. திண்ணையில் வைத்த புகையிலை தாளோடு பறந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது முறத்தில் போட்டு, மேலே டீ வடிகட்டியைக் கவிழ்த்துவிடுகிறேன்.

ஐப்பசி அடைமழையில் நிழல் உதவாது, வைத்தது வைத்தபடியே கிடக்கும். அப்போது மேசை விளக்கின் 40 வாட் குண்டு பல்புக்கு ஒரு முழம் கீழே வைப்பேன். வீடு முழுக்க எல்.இ.டி. மாற்றியபோது அந்த ஒரு பல்பை மட்டும் கழற்ற விடவில்லை.