தருமபுரி, கிருஷ்ணகிரியில் தத்தெடுப்புப் பதிவு: எது சுலபம், எங்கே முட்டுகிறது

குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கும் தம்பதியர் கலெக்டர் ஆபீஸில் முதலில் விசாரிக்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை. பதிவு முழுக்க, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான 'காரா'வின் இணையதளம் வழியாகத்தான். குடும்பச் சூழலை நேரில் வந்து பார்க்கும் வீட்டு ஆய்வுக்கு 6,000 ரூபாய், குழந்தையை வளர்த்த தத்து மையத்துக்கு 50,000 ரூபாய். தரகருக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை.

இந்தச் சேவையில் உருப்படியாக மாறியது கடைசிக் கட்டம். 2021-இல் சிறார் நீதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாகக் கலெக்டரே தருகிறார். ஆணை தர இரண்டு மாதக் கெடு முன்பும் இருந்ததுதான். நீதிமன்றத்தில் வழக்குகளோடு வழக்காகத் தத்து மனு கிடந்து தள்ளிப்போவதுதான் அப்போது சிக்கல்.

முட்டுவது தொடக்கத்தில். பதிவு செய்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தொல்லை: ஆதாரில் 'மு. செல்வி', பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், திருமணச் சான்றில் கணவர் பெயர். மூன்றையும் ஒன்றாக்கிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். சம்பளச் சீட்டு இல்லாத விவசாயக் குடும்பங்கள் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் தம்பதியரின் வயதுக் கூட்டல் 85-ஐத் தாண்டக் கூடாது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கே கதவை மூடிவிடும்.

பிரவுசிங் சென்டர்காரர் உண்டாக்கிக் கொடுத்த மின்னஞ்சலும் அவரிடமே இருக்கும் பாஸ்வேர்டும் பேராபத்து. பதிவில் கொடுத்த மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும் குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையை இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். சிம்மை மாற்றியவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த வாய்ப்பை இதில்தான் இழக்கிறார்கள்.

வளர்க்க முடியாத குழந்தையைப் பெற்றோர் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கு வந்தது. அந்த நினைப்பில் தொட்டில் மையத்துக்கே நேரில் போய்க் கேட்பதில் பயனில்லை. அங்கே வரும் குழந்தையையும் குழந்தைகள் நலக் குழு 'தத்துக்கு உரியது' என அறிவித்த பிறகு காராவின் காத்திருப்பு வரிசையில்தான் தருவார்கள். பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தை என்றால், மனம் மாற அவர்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அது நியாயமான விதி.

பெருங்குறை, 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் தனியாக ஓடுவது. அதில் வீட்டு ஆய்வும் இல்லை, தத்துக்குப் பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பின்தொடர்தலும் இல்லை. எல்லா மதத்தவருக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2022-இல் பரிந்துரைத்தது. அதை இனியும் ஆறப்போடக் கூடாது.

ஆணை வந்ததும் தத்துப் பெற்றோர் பெயரிட்ட பிறப்புச் சான்றிதழைத் தத்து மையத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.