வாயுக் கூலருக்குத் தானியங்கி நீர் வால்வு: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

கம்ப்ரசரிலிருந்து சூடாக வெளிவரும் வாயுவைக் குளிர்விக்கும் கூலர்களில், தண்ணீர் வால்வை ஒருமுறை முழுவதும் திறந்து வைத்துவிட்டு மறந்துவிடுவதே பல ஆலைகளின் வழக்கம். உச்சச் சுமைக்குக் கணக்கிட்ட நீர், சுமை பாதியாகக் குறைந்த பிறகும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க, மின்சாரமோ கருவிக் காற்றோ (வால்வுகளை இயக்கும் அழுத்தக் காற்று) கேட்காமல் தானே இயங்கும் வெப்பநிலை வால்வு ஒன்றை எங்கள் கம்ப்ரசரின் இறுதிக் கூலரில் பொருத்தியிருக்கிறோம்.

இதன் அமைப்பு எளியது. வாயு வெளியேறும் குழாயில் செருகிய உணர்குமிழுக்குள் அடைத்துள்ள திரவம் சூடேறும்போது விரிந்து, மெல்லிய செம்புக் குழாய் வழியாக அழுத்தத்தைக் கடத்தி, ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறி வால்வைத் திறக்கிறது; வாயு குளிர்ந்ததும் ஸ்பிரிங் அதை மூடுகிறது. 100 கிலோவாட் வெப்பத்தை அகற்ற, நீர் 5 டிகிரி செல்சியஸ் மட்டுமே சூடேறி வெளியேறினால் மணிக்கு ஏறத்தாழ 17 கன மீட்டர் வேண்டும். 10 டிகிரி சூடேற விட்டால் அதில் பாதியே போதும். வாயு அளவுக்கு மீறிக் குளிர்வதும் குறைகிறது; பல கட்டக் கம்ப்ரசர்களில், இரு கட்டங்களுக்கு நடுவிலுள்ள இடைக் கூலரில் தேவையின்றி உருவாகும் நீர்த்துளிகள் அடுத்த கட்டத்துக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நீர் குறைந்த அளவுக்கு மின்கட்டணமும் குறையும் என்று எண்ண வேண்டாம். பம்பின் வேகமும் தேவைக்கேற்பக் குறைந்தால்தான் உண்மையான மின்சேமிப்பு கிடைக்கும்.

பொருத்தும் முறையில்தான் இதன் வெற்றி தோல்வி இருக்கிறது. உணர்குமிழை வாயுப் பக்கத்தில் வைப்பதே சரி. நீர் வெளியேறும் குழாயில் வைத்தால், வால்வு மூடியபின் அங்கே தேங்கும் நீர் கூலருக்குள் நடப்பதைக் காட்டாது. வால்வைக் கூலருக்குப் பின்னே அமைத்தால் கூலர் எப்போதும் நீர் நிரம்பியிருக்கும். வால்வுக்கு முன்னால் ஒரு வடிகட்டி கட்டாயம்.

குறைகளும் உண்டு. சுமை மாறும்போது வெப்பநிலை குறித்த புள்ளியிலேயே நிற்காமல் சில டிகிரி நகர்கிறது. திடீரென ஏறியிறங்கும் சுமைக்கு இது மந்தமானது. அத்தகைய இடங்களில் கன்ட்ரோலருடன் இயங்கும் வால்வையே தேர்ந்தெடுக்கலாம். அதைவிடக் கவலை தருவது, வால்வு மிகவும் மூடிக்கொள்ளும் நேரம்: வேகம் குறைந்த நீரில் சேறு படிகிறது, சூடேறிய குழாய்ச் சுவரில் கால்சியம் கார்பனேட் உப்புப் படிகிறது. ஆகவே குறைந்தபட்ச ஓட்டத்துக்கு ஒரு சிறு பைபாஸ் குழாய் அமைத்தோம். இதைத் தயாரிப்பாளரே வால்வுடன் சேர்த்துத் தரலாம்.

வாங்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். உணர்குமிழின் திரவம் கசிந்துபோனால் இவ்வகை வால்வு பெரும்பாலும் மூடிய நிலைக்கே திரும்பும். எனவே வாயுவின் வெப்பநிலை எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் சுவிட்ச் இதைச் சாராமல் தனியாக இருந்தாக வேண்டும்.