ராகிப் பாலா, முளைகட்டிய மாவா, சத்துமாவா?

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு கூழைப் பற்றியதுதான். ராகியை ஊறவைத்துப் பால் எடுத்துக் காய்ச்சலாம், முளைகட்டி அரைத்து வைத்துக்கொள்ளலாம், பருப்பும் தானியமும் சேர்த்துச் சத்துமாவு திரிக்கலாம். ஆனால் குழந்தை ஒரு வேளைக்குச் சாப்பிடுவதே அரைக் கிண்ணம்தான். அதில் எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர் என்பதை வைத்துத்தான் இந்த மூன்றையும் எடைபோட வேண்டும்.

ராகிப் பால்

இரண்டு மேசைக்கரண்டி ராகியைக் கழுவி இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். சக்கையில் இரண்டாம் பாலும் எடுக்கலாம். அடுப்பில் ஏற்றியதும் கைவிடாமல் கிளறுங்கள். மாவு அடியில் படிந்து சட்டென்று கட்டிதட்டிவிடும்.

நைசாக இறங்கும் என்பது இதன் பலம். ராகியின் கால்சியத்தில் கணிசமான பங்கு மேல்தோலில் இருப்பதால் அது சக்கையோடு போய்விடுவது இதன் பலவீனம். 100 கிராம் ராகியில் சுமார் 350 மி.கி. கால்சியம் என்பது முழுத் தானியத்தின் கணக்கு. குழந்தை விழுங்கப் பழகும் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு இது போதும், அதற்குமேல் நீட்ட வேண்டாம்.

முளைகட்டிய ராகி மாவு

எங்கள் தேர்வு இதுதான். அரைக் கிலோ ராகியைக் கல், மண் போக நான்கைந்து முறை களைந்து, 10 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுக்க வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். துணி காய்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனைத்தால் பிசுபிசுத்துப் புளித்த வாடை வரும், அப்படி வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். ஒன்றரை நாளில் சின்ன வெள்ளை முளை தெரியும். பரப்பி, பல்லில் வைத்தால் நறுக்கென்று உடையும் வரை காயவைத்து, கையால் தேய்த்து வேரை உதிர்த்துப் புடைத்து, மிகச் சிறு தீயில் மணம் வரும்வரை மட்டும் வறுத்து அரைக்கலாம்.

வறுப்பதில் நிதானம் வேண்டும். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. அது மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்குகிறது. கருக வறுத்தால் அது அழிந்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினாலும் அப்படித்தான். பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றி, பிறகு மூன்று நான்கு நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். முளைகட்டும் ஈரத்தில் கிருமியும் பெருகும் என்பதால் அந்தக் கொதி கட்டாயம்.

பலனைக் கணக்கில் பார்க்கலாம். 150 மி.லி. தண்ணீருக்குச் சாதாரண ராகி மாவு 10 கிராம் போட்டாலே ஸ்பூனில் நிற்கும் பதம் வந்துவிடும். 20 கிராம் போட்டால் களியாகிவிடும். முளைகட்டிய மாவில் அதே 20 கிராம் ஊட்டக்கூடிய கூழாகவே இருக்கும். 10 கிராமில் 32 கலோரி என்றால் 20 கிராமில் 64. ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் இன்னும் 40 சேரும். நீர்க்கக் காய்ச்சிய கூழில் வயிறு நிறையும், எடை ஏறாது. பல வீடுகளில் நடப்பது இதுதான்.

சத்துமாவு

தானியத்தோடு பருப்பு சேர்வதால் புரதத்தில் இதுவே மேல். ஆனால் இருபது பொருள் போட்டுத் திரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தடிப்போ பேதியோ வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. முளைகட்டிய ராகி 200 கிராம், அரிசி 100, பாசிப்பருப்பு 100, பொட்டுக்கடலை 50: இவ்வளவு போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியே மூன்று நாள் கொடுத்துப் பார்த்த பிறகே கலக்க வேண்டும், அதனால் எட்டு மாதத்துக்குமேல் தொடங்குவது வசதி. பாதாம், நிலக்கடலை சேர்த்தால் எண்ணெய் சிக்கடித்துவிடும். அவற்றை நைசாகப் பொடித்துத் தனி டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, காய்ச்சும்போது கலக்கலாம். சோயாவை அரைகுறையாக வறுத்துப் போட்டால் செரிக்காது.

சத்துமாவுக் கூழ் கெட்டியாகிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமாக இருக்கும்போது அரை டீஸ்பூன் முளைகட்டிய ராகி மாவைக் கலந்து சில நிமிடம் வையுங்கள், தானாக இளகும். பிறகு இன்னொரு கொதி.

இந்த மூன்றில் எதை எடுத்தாலும் இரும்புச்சத்துக்கு இது மட்டும் போதாது. மசித்த பருப்பு, முட்டை, ஈரல் என்று பழக்க வேண்டும். கூழுக்குப் பிறகு கொஞ்சம் கொய்யாவோ ஆரஞ்சோ மசித்துக் கொடுத்தால் தானியத்தின் இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம் வேண்டாம், தேன் கூடவே கூடாது.

மில்லில் அரைப்பதானால் முன்னால் மிளகாய் அரைத்தார்களா என்று கேளுங்கள். முதலில் ஒரு கைப்பிடி அரிசியை ஓட்டி, அந்த மாவைத் தள்ளிவிட்டு உங்களுடையதைப் போடச் சொல்லுங்கள். அரைத்த மாவைச் சூடு ஆறும் முன் டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.