டோஸ்ட் செய்த பிரெட்டா, அப்படியே பிரெட்டா?

சாண்ட்விச் சரியாக அமையவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி தக்காளிதான். உப்புத் தூவியதும் தண்ணீர் விட ஆரம்பிக்கும். டோஸ்ட் செய்யாத பிரெட் அதை அப்படியே உறிஞ்சி, கொஞ்ச நேரத்தில் கையோடு பிய்ந்து வரும்.

டோஸ்ட் செய்தால் இந்தத் தொல்லை குறைவு. மேல்பரப்பில் ஈரம் வற்றி, சூடு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் அந்தப் பொன்னிறமும் வறுத்த மணமும் வரும். அடுப்பை மிதமாக வைத்துப் பொறுமையாகத் திருப்பிப் போடுங்கள். அப்புறம், சுட்ட துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். நீராவி உள்ளே மாட்டிக்கொண்டு நமுத்துவிடும். ஒரு நிமிடம் சாய்த்து நிறுத்தினால் போதும். அடுப்படியில் நின்றபடியே சாப்பிடும் நாட்களில் என் கை தானாக டோஸ்ட்டுக்குத்தான் போகும்.

சரி, மென்மையான பிரெட் எதற்குமே ஆகாதா? மசித்த முட்டைக்கு அதுதான் பொருத்தம். மொறுமொறுப்பான டோஸ்ட்டை அழுத்திக் கடித்தால் முட்டையெல்லாம் பக்கவாட்டில் பிதுங்கி மடியில் விழும். டப்பாவில் எடுத்துப் போவதற்கும் மென்மையானதே மேல். ஆறிய டோஸ்ட் ரப்பர் மாதிரி இழுக்கும். ஆனால் வெண்ணெயை ஓரம்வரை தடவுங்கள். அந்தக் கொழுப்புதான் ஈரத்தைத் தடுக்கும். நடுவில் மட்டும் தடவுவது வீண் வேலை.